‘யார் வேண்டும்?’ என்று குழந்தையைக் கேட்கலாமா

வீட்டுக்கு வரும் உறவினர்கள் குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்பார்கள்: “உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?” குழந்தை முதலில் அம்மா முகத்தைப் பார்க்கும். பிறகு அப்பா முகத்தைப் பார்க்கும். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை என்றால் “ரெண்டு பேரையும்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், “கெட்டிக்காரி” என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். விளையாட்டு அத்தோடு முடிந்துவிடும்.

குடும்ப நல நீதிமன்றத்தில் நீதிபதியின் அறைக்குள் அழைத்துச் செல்லப்படும் குழந்தையிடமும் பெரும்பாலும் இதே கேள்வியைத்தான் வேறு சொற்களில் கேட்கிறார்கள். அங்கே “ரெண்டு பேரும்” என்று சொன்னால் வழக்கு நகராது. யாராவது ஒருவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு அந்தக் குழந்தை அறையை விட்டு வெளியே வந்து, அங்கே காத்திருக்கும் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாக வேண்டும்.

மணமுறிவு வழக்கில் குழந்தை யாரிடம் வளர்வது என்ற சிக்கலை நீதிமன்றத்திலும் வெளியிலும் ‘கஸ்டடி’ என்றே சொல்கிறார்கள். கஸ்டடி வழக்கில் நீதிபதி குழந்தையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். அங்கே கூண்டு கிடையாது, சத்தியப் பிரமாணம் கிடையாது, வழக்கறிஞர்களின் குறுக்கு விசாரணையும் கிடையாது. சில நிமிடமோ அரை மணியோ பேசிவிட்டு, குழந்தை தெளிவாக இருந்தது, இன்னாரோடு இருக்க விரும்புவதாகச் சொன்னது என்று நீதிபதி தம் உத்தரவில் நான்கைந்து வரி எழுதுவார். பல வழக்குகளில் அந்த நான்கைந்து வரிதான் ஒரு குழந்தையின் பள்ளி, ஊர், தெரு, தாத்தா பாட்டி எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது.

இந்த வழக்கம் நல்லதா கெட்டதா என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் என்னால் விடை சொல்ல முடியாது. குழந்தையைக் கேட்காமல் தீர்ப்பு எழுதுவது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இப்போது கேட்கும் விதம் பல குழந்தைகளுக்கு அநியாயமாக முடிகிறது என்பதிலும் ஐயமில்லை. பெற்றோரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் குழந்தையின் தலையில் வைப்பதற்குப் பெயர் குழந்தையின் குரலைக் கேட்பது அல்ல. இரண்டையும் ஒன்றென்று நாம் வெகுகாலமாகக் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் சட்டம். வழக்கறிஞர்கள் ‘கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட்’ என்று சொல்லும் 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம்தான் இன்றும் இந்த வழக்குகளுக்கு அடிப்படை. அதன் 17ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, அறிவோடு விருப்பம் சொல்லும் அளவுக்கு வளர்ந்த சிறார் என்றால் அந்த விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. ‘கொள்ள வேண்டும்’ என்று சொல்லவில்லை, ‘கொள்ளலாம்’ என்றுதான் சொல்கிறது. நம் குழந்தைகளின் குரல் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ‘லாம்’ என்ற விகுதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. விருப்பம் சொல்லும் அளவுக்கு வளர்ந்த வயது எது என்றும் சட்டம் சொல்லவில்லை. ஆறு வயதுக் குழந்தையை அழைத்துப் பேசும் நீதிபதியும் சட்டப்படிதான் நடக்கிறார், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அழைக்காமலே தீர்ப்பு எழுதும் நீதிபதியும் சட்டப்படிதான் நடக்கிறார்.

அதே சட்டத்தின் 25ஆம் பிரிவைப் படித்தால் அந்தக் காலத்தின் மனம் இன்னும் தெளிவாகத் தெரியும். பாதுகாவலரை விட்டுப் போன சிறாரைத் திரும்ப ஒப்படைக்க உத்தரவிடும் நீதிமன்றம், அந்த உத்தரவை நிறைவேற்றுவதற்காகச் சிறாரைக் கைது செய்யவும் வைக்கலாம் என்கிறது அது. கைது என்ற சொல் இன்றும் அப்படியே இருக்கிறது. தவறே செய்யாத ஒரு குழந்தையைக் குறித்து எழுதப்பட்ட சொல் அது.

பின்னால் வந்த சட்டங்கள் கொஞ்சம் இளகின. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, குழந்தைகளின் விருப்பத்துக்கு இயன்றவரை இசைந்து உத்தரவிடச் சொல்கிறது. அடுத்த ஆண்டே வந்த இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், குழந்தையின் நலனே முதன்மையானது என்று 13ஆம் பிரிவில் சொன்னது. விருப்பத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றது. இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பிறகே தாய் என்றும் அதே மூச்சில் சொன்னது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் அந்தப் ‘பிறகு’ என்ற சொல்லுக்கு, தந்தை இறந்த பிறகு மட்டுமல்ல, தந்தை பொறுப்பில் இல்லாத நிலையிலும் என்று விரிந்த பொருள் கொடுத்தது. அப்பாவா அம்மாவா என்ற போட்டியைச் சரிசெய்யவே சட்டத்துக்கு அத்தனை காலம் பிடித்தது. மூன்றாவது ஆள் ஒருவர் அங்கே இருக்கிறார், அவருக்கும் வாய் இருக்கிறது என்பது பின்வரிசையிலேயே நின்றுவிட்டது.

உலகம் இதற்கிடையில் ஓர் அடி முன்னே போயிருந்தது. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன் கருத்தை உருவாக்கிக்கொள்ள முடிந்த எந்தக் குழந்தைக்கும் தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் அதைச் சொல்ல உரிமை உண்டு, நீதிமன்றத்திலும் உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு உரிய மதிப்பு தரப்பட வேண்டும் என்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றுக்கொண்டது. அந்த உடன்படிக்கையில் குழந்தை பேசுவது உரிமை. நம் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது நீதிபதியின் விருப்பம்.

இந்தக் கேள்வி மேற்கிலிருந்து இறக்குமதியானது என்று சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். அது சரியல்ல. இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாஃபி மரபில், நல்லது கெட்டது பிரித்தறியும் வயதை எட்டிய குழந்தையிடம் தாய், தந்தை இருவரில் யாரோடு இருக்கிறாய் என்று கேட்கும் விதி பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் பெரும்பாலும் அந்த மரபினர். அதில் என்னைக் கவர்ந்தது வேறொன்று: ஒருவரைத் தேர்ந்தெடுத்த குழந்தை பின்னால் மனம் மாறி மற்றவரிடம் போக விரும்பினால் போகலாம் என்று அந்த மரபின் அறிஞர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். குழந்தையின் மனம் மாறும் என்பதை அவர்கள் குற்றமாகப் பார்க்கவில்லை, குழந்தையின் இயல்பாகப் பார்த்தார்கள். நம் நீதிமன்றங்களிலும் கஸ்டடி உத்தரவு ஒருபோதும் இறுதியானதல்ல என்று கோட்பாடு உண்டு. ஆனால் நடைமுறையில் மாற்றம் கேட்க வேண்டுமானால் பெற்றோரில் ஒருவர் புதிதாக மனு போட வேண்டும், வக்கீல் பிடிக்க வேண்டும், வாய்தாவுக்கு அலைய வேண்டும். குழந்தை தானாக வந்து “எனக்கு இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது” என்று சொல்ல வழியே இல்லை.

இந்த வழக்கத்தின் பலம் எங்கே தெரிகிறது என்பதற்கு 2008ஆம் ஆண்டின் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். தாய் இறந்துவிட்டாள். அந்தச் சாவு தொடர்பாகத் தந்தை மீது குற்ற வழக்கு நடந்துகொண்டிருந்தது. சிறுவன் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். தந்தைதானே இயற்கைப் பாதுகாவலர் என்று கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் பிள்ளையை அவரிடம் ஒப்படைக்கச் சொல்லின. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அவனைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். தந்தையோடு போக மாட்டேன் என்று அவன் தெளிவாகச் சொன்னான். தாத்தா பாட்டியிடம் சந்தோஷமாக இருப்பதாகவும் சொன்னான். கீழ் நீதிமன்றங்கள் அவன் விருப்பத்தைக் கேட்டறிந்திருக்க வேண்டும், தந்தை மீதிருந்த குற்றச்சாட்டையும் எடைபோட்டிருக்க வேண்டும் என்று சொல்லி, அவனைத் தாத்தா பாட்டியிடமே விட்டது உச்ச நீதிமன்றம். அந்தச் சில நிமிடப் பேச்சு இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வீட்டுக்குள் அடி உதை நடந்திருந்தால், குடி இருந்தால், தகாத தொடுதல் இருந்தால், அதைப் பார்த்த சாட்சி பெரும்பாலும் குழந்தை மட்டும்தான். மனுவிலும் எதிர்மனுவிலும் இரண்டு வக்கீல்கள் எழுதுவதை வைத்து எது உண்மை என்று கண்டுபிடிக்க முடியாது. அறைக்குள் தனியாக, பயமில்லாத குரலில் ஒரு பெரியவர் கேட்கும்போது சில குழந்தைகள் வாய் திறந்துவிடுகிறார்கள். பல நீதிபதிகள் தங்களால் முடிந்த கனிவோடுதான் இதைச் செய்கிறார்கள். மேசையில் சாக்லேட் வைத்திருப்பவர்கள் உண்டு, அங்கியைக் கழற்றிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவர்கள் உண்டு. இங்கிலாந்தில் குழந்தையின் விருப்பத்தைத் தனி அலுவலர் கேட்டு அறிக்கை தருவதுதான் பொதுவான முறை, நீதிபதி நேரில் பார்ப்பது குறைவு. நம் முறையில் தீர்ப்பு எழுதுபவரே குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டு எழுதுகிறார். அது சிறிய விஷயமல்ல.

இனி குறைகள். இவற்றில்தான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் இவை கண்ணுக்குத் தெரியாமல் நடக்கின்றன.

முதல் குறை காலம். ஒரு குழந்தைக்கு நான்கு வயதாகும்போது தந்தை அதை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாய் மனு போடுகிறாள். நோட்டீஸ், எதிர்மனு, சமரச மையம், இடைக்கால மனு, அதன் மேல் மேல்முறையீடு என்று வழக்கு நகர்கிறது. நீதிபதி குழந்தையிடம் பேசும் நாளில் அதற்கு ஒன்பது வயது. அப்பா வீட்டுப் பள்ளி, அப்பா வீட்டு நண்பர்கள், அப்பத்தாவின் சமையல். “யாரோடு இருக்க விரும்புகிறாய்?” என்றால் அது வேறென்ன சொல்லும்? அந்த விருப்பத்தை உருவாக்கியதில் தந்தைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு நீதிமன்றத்தின் தாமதத்துக்கும் உண்டு. தானே உண்டாக்கிய நிலைமையைக் குழந்தையின் விருப்பம் என்று பெயரிட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது. முந்திக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு இது பரிசு கொடுப்பது போல முடிகிறது என்பதை எந்த ஊர் வழக்கறிஞரும் ஒப்புக்கொள்வார்.

2008இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்கில் இந்தத் தர்மசங்கடம் அப்படியே தெரிகிறது. பத்து வயதுச் சிறுவன் அலகாபாத்தில் தந்தையோடு இருந்தான். நீதிபதிகள் அவனிடம் பேசினார்கள், அவன் தந்தையோடு இருக்கவே விரும்பினான், அவன் அங்கேயே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. வேரூன்றிய செடியைப் பிடுங்கக் கூடாது என்பது நல்ல நியாயம்தான். அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேரூன்றும் வரை வழக்கை ஓட விட்ட அமைப்பைக் குறை சொல்லாமல் இருக்க முடியாது.

2017இல் அதே உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் போனது. இரண்டு வயது நிரம்பும் முன்பே தாயைப் பிரிந்து தந்தையிடம் வளர்ந்த எட்டு வயதுச் சிறுமி. அவளுக்குத் தந்தையைத்தான் தெரியும், அவரோடுதான் இருக்க விரும்பினாள். தாயோடு வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பே கிடைக்காத குழந்தையின் விருப்பத்தைத் தாய்க்கு எதிராக எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அவளைத் தாயிடம் ஒப்படைத்தது. சட்டக் கண்ணால் பார்த்தால் இது கூர்மையான தர்க்கம். ஒன்றைத் தெரியாதவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாதுதான். இருந்தாலும் அந்த எட்டு வயதுச் சிறுமியின் கண்ணால் பார்க்கவும் முயல்கிறேன். அவளிடம் கேட்டார்கள், அவள் சொன்னாள், சொன்னதற்கு நேர்மாறாக நடந்தது. ஏன் அப்படி என்று அவளுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டிய கடமை யாருக்காவது இருக்கிறதா? நம் நடைமுறையில் இல்லை. உத்தரவு ஆங்கிலத்தில், பெரியவர்களுக்காக எழுதப்படுகிறது. குழந்தைக்கு அதை அறிவிப்பது வென்ற பெற்றோரோ தோற்ற பெற்றோரோ, அவரவர் பாணியில்.

அந்த 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ‘பேரண்டல் ஏலியனேஷன்’ என்ற சொல் வருகிறது. குழந்தையின் மனத்தில் மற்ற பெற்றோரைப் பற்றி நஞ்சேற்றி விலக்கிவைப்பது என்று பொருள். நம் ஊரில் இதற்கு எளிய சொல் உண்டு: “சொல்லிக் கொடுத்திருக்காங்க.” கஸ்டடி வழக்கு நடக்கும் எந்த நீதிமன்ற வராந்தாவிலும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். அது உண்மையாகவே நடக்கிறது. “உங்க அப்பா நம்மளை விட்டுட்டுப் போய்ட்டார்” என்று இரவு தோறும் கேட்டு வளரும் குழந்தைக்கு அப்பாவைப் பிடிக்காமல் போவது இயற்கை. நீதிபதியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஆட்டோவில் வரும்போதே பாடம் நடத்தும் பெற்றோர் இருக்கிறார்கள். பெரியவர்களின் வழக்குச் சொற்களை ஏழு வயதுக் குழந்தை ஒப்பிக்கும்போது யாருக்கும் அது விளங்கும்.

ஆனால் இந்த வாக்கியம் இன்னொரு விதத்தில் ஆபத்தானது. குழந்தை சொல்வது பெரியவர்களின் எதிர்பார்ப்புக்கு ஒத்துப்போனால் “வயதுக்கு மீறிய முதிர்ச்சி” என்கிறோம், ஒத்துப்போகாவிட்டால் “சொல்லிக் கொடுத்தது” என்கிறோம். அடிக்கும் தகப்பனைக் கண்டு நடுங்கும் பிள்ளையும், ஏற்றப்பட்ட வெறுப்போடு வந்த பிள்ளையும் நீதிபதியின் அறையில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இருவரும் “அப்பாகிட்ட போக மாட்டேன்” என்றுதான் சொல்வார்கள். அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு தடவைப் பேச்சு போதாது, அதற்குரிய பயிற்சி நம் நீதிபதிகளுக்குக் கொடுக்கப்படுவதுமில்லை. 1985இல் அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் ‘பேரண்டல் ஏலியனேஷன்’ என்பதை ஒரு நோய்க்குறித் தொகுப்பாக முன்வைத்தார். மருத்துவ உலகம் அதை நோயாக ஏற்கவில்லை. உலகச் சுகாதார அமைப்பு 2020இல் அந்தச் சொல்லைத் தன் நோய்ப் பட்டியலின் சொல்லடைவிலிருந்தே நீக்கியது. பெண்கள் மீதான வன்முறை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2023இல், குடும்ப வழக்குகளில் இந்தக் கருத்தைப் பயன்படுத்துவதையே தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார், வன்முறையைப் பற்றிப் பேசும் தாயையும் குழந்தையையும் வாயடைக்க அது பயன்படுகிறது என்பதால். மனம் திருப்பப்படுவது உண்மை, அதற்கு நோய்ப் பெயர் சூட்டிக் குழந்தையின் வார்த்தையைத் தள்ளிவிடுவது தவறு. இரண்டையும் சேர்த்தே நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்தது, அறைக்குள் சொன்னது எங்கே போகிறது என்ற கேள்வி. குழந்தை ஏதோ நம்பிக்கையில் ஒன்றைச் சொல்கிறது. நீதிபதி அதை உத்தரவில் எழுதினால் அப்பாவும் அம்மாவும் படிப்பார்கள். எழுதாவிட்டால் மேல்முறையீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது, அங்கே மறுபடியும் குழந்தையை அழைப்பார்கள். குடும்ப நல நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மூன்று படியிலும் ஏறி, அதே கேள்விக்கு மூன்று தடவை விடை சொன்ன குழந்தைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முந்தைய நாள் இரவு வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. 2019இல் உச்ச நீதிமன்றம், சமரசப் பேச்சுக்கு உரிய இரகசியக் காப்பு, குழந்தையிடம் பேசிவிட்டு ஆலோசகர் நீதிமன்றத்துக்குத் தரும் அறிக்கைக்குப் பொருந்தாது என்றது. உண்மையை அறிய அது தேவை என்பது நீதிமன்றத்தின் பார்வை, அதில் நியாயமும் இருக்கிறது. அப்படியானால் பேசத் தொடங்கும் முன்பே “நீ சொல்வது வெளியே தெரியலாம்” என்று குழந்தையிடம் சொல்லிவிட வேண்டுமல்லவா? “நமக்குள்ளே இருக்கட்டும்” என்று சொல்லிப் பேச வைத்துவிட்டுப் பின்னால் தாளில் ஏற்றுவதைப் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டால் அதற்கு நம்பிக்கைத் துரோகம் என்று பெயர்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் குடும்ப நல நீதிமன்றம் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்தான் இருக்கிறது. கறுப்பு அங்கிகள், காவலர்கள், கோப்புக் கட்டுகள், பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல். ஆட்கொணர்வு மனுவாக வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். காணாமல் போன ஆளைத் தேடிக் கொண்டுவருவது போல, சில சமயம் காவலர் துணையோடு, குழந்தை நீதிமன்றத்துக்குள் வருகிறது. கஸ்டடி வழக்குக்கு ஆட்கொணர்வு மனு விதிவிலக்கான வழி மட்டுமே என்று 2019இல் உச்ச நீதிமன்றம் நினைவுபடுத்தியது. எனினும் விரைவாக முடியும் என்பதால் மக்கள் அந்தக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு, குழந்தையைக் கேட்கவே வேண்டாம், நிபுணர்களிடம் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு நான் உடன்பட மாட்டேன். குழந்தைகள் பெற்றோரின் உடைமையுமல்ல, விளையாட்டுப் பொருளுமல்ல என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1973இலேயே சொல்லிவிட்டது, அதுவும் சென்னையிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில். உடைமை இல்லையென்றால் அதற்குக் குரல் உண்டு. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று இருக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு. தாயிடம் வளர்ந்த சிறுவனைத் தந்தையிடம் ஒப்படைக்கும்படி 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன் பிறகு அவனுக்குக் கடும் பதற்றம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி உளவியலாளர்களின் அறிக்கை, தாயைப் பிரிந்துவிடுவோமோ என்ற அச்சம் நோயாக முற்றும் நிலையில் அவன் இருப்பதைச் சொன்னது. 2025 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம் மறுசீராய்வில் தன் உத்தரவை மாற்றி, அவனைத் தாயிடமே விட்டது. தவறை ஒப்புக்கொண்டு திருத்திய நீதிமன்றத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையின் மறுப்பு நீதிமன்றத்தின் காதில் விழ அவன் உடம்பும் மனமும் நோய்ப்பட வேண்டியிருந்தது.

அப்படியானால் எப்படிக் கேட்பது? தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் கேட்பது. காலையில் உனக்குத் தலை வாரிவிடுவது யார், ராத்திரி காய்ச்சல் அடித்தால் பக்கத்தில் படுப்பது யார், பரீட்சையில் மார்க் குறைந்தால் வீட்டில் என்ன நடக்கும், பயமாக இருந்தால் யாரைக் கூப்பிடுவாய், ஞாயிற்றுக்கிழமை யார் வந்தால் சந்தோஷம், எதை மாற்றினால் உனக்கு நிம்மதி. இந்தக் கேள்விகளுக்குக் குழந்தை சொல்லும் விடைகளிலிருந்து முடிவைத் தேடி எடுப்பது நீதிபதியின் வேலை. அப்போது தீர்ப்பின் பாரம் நீதிபதியின் தோளிலேயே இருக்கும். “நீதான அம்மா வேணாம்னு சொன்னே” என்று பத்து வருஷம் கழித்து யாரும் அந்தப் பிள்ளையைக் குத்திக் காட்ட முடியாது. சொல்லிக் கொடுத்துக் கொண்டுவருவதும் கடினம், ஏனென்றால் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைக்கலாம், ஒரு நாள் முழுவதையும் மனப்பாடம் செய்ய வைக்க முடியாது.

பேச மாட்டேன் என்று சொல்லவும் குழந்தைக்கு உரிமை வேண்டும். ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2009இல் தந்த விளக்கத்தில், கருத்துச் சொல்வது குழந்தையின் உரிமை, கடமையல்ல என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் அறைகளில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் குழந்தையை “சொல்லும்மா, பயப்படாதே” என்று மறுபடி மறுபடி தூண்டுகிறார்கள். அந்த மௌனமே அது தந்த விடை.

வயதைப் பொறுத்தவரை என் கருத்து இது: பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை தெளிவாக ஒன்றைச் சொன்னால், அங்கே ஆபத்து இருப்பதாக ஆதாரம் இல்லாதவரை அதை மீறக் கூடாது. அந்த வயதில் கட்டாயப்படுத்தி ஒரு வீட்டில் விட்டால் அது அங்கே தங்காது. ஜெர்மனியில் பதினான்கு வயதானவர் தன்னைப் பற்றிய குடும்ப வழக்கில் தானே மேல்முறையீடு செய்யலாம். 2021க்குப் பிறகு அங்கே வயது எதுவானாலும் குழந்தையை நீதிபதி நேரில் பார்ப்பது பொது விதி, விலக்குகள் சிலவே. நியூசிலாந்தில் குழந்தைக்கென்று தனி வழக்கறிஞர் நியமிக்கும் முறை இருக்கிறது. நம் வழக்குகளில் குழந்தை மனுதாரருமல்ல, எதிர்மனுதாரருமல்ல. தன் வாழ்க்கையைப் பற்றிய வழக்கில் தரப்பினர் பட்டியலிலேயே அதன் பெயர் இல்லை. இந்தியச் சட்ட ஆணையம் 2015 மே மாதத்தில் தந்த 257ஆவது அறிக்கை கூட்டுப் பொறுப்பு, சமரசம் ஆகியவற்றைப் பற்றிப் பல நல்ல பரிந்துரைகளைச் செய்தது. பத்து ஆண்டுகள் ஆகியும் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை.

நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மருத்துவரையோ குடும்ப நலத் துறையில் பழகியவரையோ துணைக்கு அழைக்க இன்றே அதிகாரம் தருகிறது, இயன்றால் பெண்ணாக இருக்கட்டும் என்றுகூட அது சொல்கிறது. 21ஆம் பிரிவு, நடைமுறை விதிகள் எழுதும் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறது. மனு பதிவான ஒரு மாதத்துக்குள், குழந்தை ஒரு வீட்டில் வேரூன்றும் முன்பே, பயிற்சி பெற்ற ஒருவர் முதலில் பேச வேண்டும். அதே ஆள் வேறொரு நாளில், பெற்றோரில் மற்றவர் அழைத்து வரும்போது இரண்டாம் முறை பேச வேண்டும். பேச்சு பதிவாகி உறையில் இருந்தால் மேல்முறையீட்டில் பிள்ளையை மறுபடி இழுக்க வேண்டியதில்லை. எது வெளியே தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தீர்ப்பான பிறகு நீதிபதியோ ஆலோசகரோ குழந்தையை உட்கார வைத்து, “நீ சொன்னதைக் கேட்டோம், இதனால் இப்படி முடிவு செய்தோம்” என்று தமிழில் விளக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருமுறை அழைத்து எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். இதில் எதற்கும் பெரிய கட்டடம் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஆட்களும் அவர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் தேவை.

இந்த விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, நீதிமன்றத்தில் நிற்கும் பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் ஒன்றை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: “யாரோட இருக்கிறதுன்னு நீ முடிவு பண்ண வேண்டாம். அது பெரியவங்க வேலை. ரெண்டு பேரையும் உனக்குப் பிடிக்கலாம்.”